யாரைக் கேட்டுத் திறந்தீர்கள்?

"ஜெபித்துச் சொல்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் பாதி நேரம் அதற்கு "மாட்டேன்" என்றுதான் அர்த்தம். எங்கள் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். ஓய்வுநாள் பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும் என்று கேட்டால் ஜெபித்துச் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவருக்கு ஒரு ராத்திரி துணைக்குப் படுக்க ஆள் கேட்டால்கூட ஜெபித்துச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜெபத்தை நான் குறை சொல்லவில்லை. பதில் ஏற்கெனவே வேதத்தில் அச்சாகிக் கிடக்கிற கேள்விக்கும் மறுபடி ஒரு தனிப் பதில் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதைத்தான் சொல்கிறேன். வருடப் பிறப்பு ராத்திரி ஆராதனையில் எடுத்த, வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையைப் பார்த்து நிலம் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர்கள் உண்டு. கேட்டால், வேதத்தில் கிதியோன் கர்த்தருடைய சித்தம் அறிய ஆட்டுத்தோல் போட்டு அடையாளம் பார்க்கவில்லையா என்பார்கள். போட்டுப் பார்த்தான், உண்மைதான். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்கு அதற்கு முன்பே தெளிவாகச் சொல்லியாயிற்று. பயத்தில் மறுபடி மறுபடி கேட்டான், கர்த்தர் பொறுத்துக்கொண்டார். அவர் பொறுத்துக்கொண்டதை நாம் ஒரு முறையாகவே ஆக்கிவிட்டோம்.

இதற்கு நேர் எதிரான கூட்டமும் இருக்கிறது. "கர்த்தர் என்னோடு பேசினார்" என்று சொல்லிவிட்டு மனசுக்குப் பட்டதையெல்லாம் செய்கிறவர்கள். அவர்களிடம் யாரும் எதிர்த்துப் பேச முடியாது; பேசினால் கர்த்தரையே எதிர்த்ததாகிவிடும். ஒரு ஜெபவீடு இரண்டாகி, இரண்டு நான்காகிற கதைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த வாக்கியம் இருக்கிறது. இந்த இரண்டு வகையும் எனக்கு ஒரே மாதிரிதான் சலிப்பைத் தந்துகொண்டிருந்தன. கீழ்ப்படிதல் என்றால் சொன்னதை மட்டும் செய்வதா, சொல்லாததையும் செய்யலாமா, எதுவரை செய்யலாம் என்பதைப் பற்றி எனக்கு ஒரு பொதுப்படையான அபிப்பிராயம் இருந்தது. அது கலைந்தது எங்கள் சபையின் கமிட்டிக் கூட்டம் ஒன்றில்.

அசன அரிசி

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனைக்கே பாதிப் பேர் வரவில்லை, அவ்வளவு மழை. ராத்திரிக்குள் தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதும், ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனதும் உங்களுக்கெல்லாம் உடனே தெரிந்திருக்கும். எங்களுக்குக் கரண்டும் டவரும் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. ஆற்றின் கடைசிப் பக்கத்துக் கிராமங்களில் எங்களுடையதும் ஒன்று. ஆலயம் மேட்டில் இருக்கிறது. கீழத்தெருவில் இடுப்பளவு தண்ணீர். வாலிபர் ஐக்கியத்துப் பையன்கள் கயிறு கட்டி ஆட்களை மேட்டுக்குக் கொண்டுவந்து ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் ஹாலில் சேர்த்தார்கள். ஆலயப் பணியாளரான கோயில் பிள்ளையிடம் ஹால் சாவி இருந்தது, திறந்துவிட்டார். அதுவரை யாருக்கும் பிரச்சினை இல்லை.

பிரச்சினை ஹாலை ஒட்டிய ஸ்டோர் ரூமில். பிரதிஷ்டைப் பண்டிகையில் எல்லாருக்கும் போடும் அசன விருந்துக்காகச் சபையார் காணிக்கையாகக் கொடுத்த அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் அங்கேதான் இருந்தது, அண்டாக்களும் அங்கேதான். சாவி பொருளாளரிடம். அவர் தூத்துக்குடியில் மகள் வீட்டுக்குப் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். சேகர குருவானவர் இருக்கும் ஊருக்கு ரோடு அறுந்துபோயிருந்தது. போன் கிடையாது. திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்ததும் பையன்கள் கடப்பாரையால் பூட்டை உடைத்தார்கள். தண்ணீர் வடியும்வரை அந்த அரிசிதான் பொங்கியது. சாப்பிட்டவர்களில் நம் சபையார் பாதிகூட இல்லை, அதையும் பிறகு ஒருவர் முணுமுணுத்தார். அந்த முணுமுணுப்பைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. அதே நேரத்தில் ஸ்ரீவைகுண்டம் ரயிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு புதுக்குடி ஊர் மக்கள் தங்கள் வீட்டு அரிசியைப் பொங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் யாரும் தீர்மான நகல் கேட்டதாகத் தெரியவில்லை.

ஜனவரியில் கமிட்டி கூடியது. பொருளாளர் அண்ணாச்சி எழுந்து, "யாரக் கேட்டுலே பூட்ட ஒடச்சிய?" என்று கேட்டார். பையன்களில் ஒருவன், ஓய்வுநாள் பள்ளியில் என்னிடம் படித்தவன், "தாவீது சமுகத்தப்பம் சாப்பிடலையா அண்ணாச்சி?" என்றான். ஆசாரியர் மட்டும் சாப்பிட வேண்டிய அப்பத்தைத் தாவீது பசிக்குச் சாப்பிட்ட கதை அது. "நீ தாவீதாலே?" என்றார் அவர். எல்லாரும் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். முன்பு ஒரு காலத்தில் சபைப் பணம் கணக்கில்லாமல் போனதைப் பார்த்தவர் அவர். அதற்குப் பிறகு ஒரு கிலோ பருப்பு காணிக்கை வந்தாலும் ரசீது போடுகிறவர். எலி கடிக்காமல் மூட்டைகளுக்கு அடியில் பலகை அடித்து வைத்தது அவர் சொந்தச் செலவு. "இன்னைக்கு வெள்ளம்னு ஒடப்பான். நாளைக்கு மேட்ச்சுனு ஒடப்பான். காணிக்கை குடுத்தவன் அசனத்துக்குன்னு குடுத்தான், இவனுக்குன்னு குடுக்கல" என்றார். இதில் எந்த வாக்கியத்தையும் தப்பு என்று தள்ளிவிட முடியாது.

அப்போது அந்தப் பையன் ஒரு நோட்டை எடுத்து மேஜையில் வைத்தான். ஓய்வுநாள் பள்ளி வருகைப் பதிவு நோட்டு, ஓரமெல்லாம் தண்ணீரில் ஊறி உப்பியிருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்ததை வாசித்தான். அரிசி 4 மூட்டை. துவரம் பருப்பு 18 கிலோ. பாமாயில் 1 டின். வத்தல் 2 கிலோ. சிலிண்டர் 2, ஒன்று கோயில் பிள்ளை வீட்டுது, திருப்பிக் கொடுக்கணும். கடைசி வரி: பூட்டு 1, உடைத்தது, நாங்கள் வாங்கித் தருகிறோம். வாசித்து முடித்துப் பையிலிருந்து ஒரு புதுப் பூட்டை எடுத்து நோட்டின் மேல் வைத்தான். இரண்டு சாவியும் பிளாஸ்டிக் உறையிலேயே இருந்தன.

பொருளாளர் பூட்டைத் தொடவில்லை. நோட்டை எடுத்துத் தன்னுடைய இருப்புப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்து விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தினார். "பாமாயில் ரெண்டு டின்லா இருந்துச்சு?" என்றார். "இன்னொண்ணு அப்படியே இருக்கு அண்ணாச்சி, ரூமப் பூட்டவே இல்ல, நீங்களே போய்ப் பாருங்க." அவர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு நோட்டின் அந்தப் பக்கத்திலேயே, கடைசி வரிக்குக் கீழே, தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார். "இனிமேல் முன் அனுமதி பெற வேண்டும்" என்று தீர்மானம் எழுதப்பட்டது. இரண்டு சாவியையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பலியைப்பார்க்கிலும்

அந்தக் கையெழுத்துதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. பையன்கள் கேட்காமல் செய்தார்கள், சரி. ஆனால் கேட்க ஆள் இல்லாத இடத்தில், கேட்கப்போகிற ஆளை நினைத்துக்கொண்டே செய்திருக்கிறார்கள். வெள்ளத்தின் நடுவில், சுற்றிலும் பிள்ளைகள் அழுதுகொண்டிருக்க, எத்தனை மூட்டை என்று எழுதிவைக்க ஒருவனுக்குத் தோன்றியிருக்கிறதே, அதற்குப் பெயர் என்ன? கீழ்ப்படியாமை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மத்தேயு 25-ல் வருகிற, எஜமான் ஊழியக்காரரிடம் பணத்தை ஒப்புவித்துப் போகிற தாலந்து உவமையை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருப்போம். அந்த எஜமான் புறப்படும்போது என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதை நான் கவனித்தது இந்தக் கூட்டத்துக்குப் பிறகுதான். லூக்காவில் வருகிற உவமையில் வியாபாரம் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். மத்தேயுவில் அதுவும் இல்லை. ஆஸ்தியை ஒப்புவித்தான், போய்விட்டான். ஐந்து தாலந்துக்காரனும் இரண்டு தாலந்துக்காரனும் வியாபாரம் செய்து இரட்டிப்பாக்கியது முழுக்க முழுக்க சொந்த முயற்சி. சொன்னதற்கு ஒரு எழுத்துகூட மீறாதவன் மூன்றாவது ஆள்தான். ஒரு காசு குறையாமல் புதைத்து வைத்து ஒரு காசு குறையாமல் திருப்பிக் கொடுத்தான். நம் கமிட்டிகளில் அவனைப் பொருளாளராகவே வைத்திருப்போம். அவனுடைய கோளாறு சோம்பல் மட்டுமல்ல. "நீர் கடினமுள்ள மனுஷன்" என்று எஜமானைப் பற்றி அவன் மனதில் இருந்த கணிப்பு. அப்படிப்பட்டவரிடம் எதையும் செய்யாமல் இருப்பதுதான் பத்திரம்.

அதே ஜனவரியில் ஒரு ஞாயிறு, வெளியூரிலிருந்து வந்த ஒருவர் 1 சாமுவேல் 15-ல் பிரசங்கித்தார். "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்." வசனத்தைச் சொல்லும்போது அவர் கண் வாலிபர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் போனது. விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது போல. வீட்டுக்கு வந்து அந்த அதிகாரத்தை மட்டுமல்ல, அதற்கு முந்தைய இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசித்தேன். அழிக்கச் சொன்ன ஆடுமாடுகளைப் பலிக்கென்று தப்பவிட்ட சவுல் ராஜா, சொந்தமாக யோசித்துத் துணிந்து ஒரு காரியம் செய்து கெட்டுப்போன ஆள் என்றே அதுவரை நினைத்திருந்தேன். ஆனால் சவுல் தன் வாயாலேயே சொல்கிற காரணம் வேறு: ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் சொல்லைக் கேட்டேன் என்கிறான். 13-ஆம் அதிகாரத்தில் கில்காலிலும் அதே கதைதான்; சாமுவேல் தீர்க்கதரிசி வருமுன் தானே பலியிட்டுவிட்டு அவரிடம் காரணம் சொல்கிறான். ஜனங்கள் சிதறிப்போனார்கள், நீர் குறித்த நாளில் வரவில்லை, பெலிஸ்தர் கூடிவிட்டார்கள் என்று அடுக்குகிறான். சவுலிடம் இருந்தது பயம். முன்முயற்சி என்ற ஒன்று அவனிடம் கொஞ்சமாவது இருந்திருந்தால் தேவலை.

அது யாரிடம் இருந்தது என்பது நடுவில் இருக்கிற 14-ஆம் அதிகாரத்தில் வருகிறது. சவுல் அறுநூறு பேரோடு ஒரு மாதளமரத்தின்கீழ் உட்கார்ந்திருக்கிறான். ஏபோத் தரித்த ஆசாரியனும் கூடவே இருக்கிறான், அதாவது கர்த்தருடைய சித்தம் கேட்பதற்கு வேண்டிய ஏற்பாடெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். சவுலின் மகன் யோனத்தான் தகப்பனிடம் சொல்லாமல் பெலிஸ்தர் இருந்த பக்கம் கிளம்புகிறான். ஆயுததாரியிடம் அவன் சொல்கிற வார்த்தை எனக்கு வேதத்திலேயே பிடித்தவற்றில் ஒன்று: "ஒருவேளை கர்த்தர் நமக்காக ஒரு காரியம் செய்வார்." ஒருவேளை! நம் மேடைகளில் இந்தச் சொல்லை அவிசுவாசம் என்பார்கள். ஆனால் கர்த்தர் என்னிடம் சொன்னார் என்று பொய் சொல்லாமல், அவர் சொல்லட்டும் என்று மரத்தடியில் உட்காரவும் செய்யாமல் யோனத்தான் நடக்கிறான். கூடவே, திரும்பி வருவதற்கு ஒரு வாசலையும் திறந்து வைத்துக்கொள்கிறான். எதிரிகள் "நில்லுங்கள்" என்றால் நின்றுவிடுவோம், "ஏறிவாருங்கள்" என்றால் ஏறுவோம் என்று முன்னாலேயே பேசிக்கொள்கிறான்.

நாத்தான் சொன்ன இரண்டு பதில்கள்

இதை வாசித்த பிறகுதான் 2 சாமுவேல் 7 எனக்குப் புதிதாகத் தெரிந்தது. தாவீது ஆலயம் கட்ட நினைக்கிறான். யாரும் கட்டச் சொல்லவில்லை. நான் கேதுருமர வீட்டில் இருக்கிறேன், தேவனுடைய பெட்டி திரைகளின் நடுவே இருக்கிறதே என்று அவனுக்கே தோன்றுகிறது. நாத்தான் தீர்க்கதரிசி உடனே, "நீர் போய் உம்முடைய இருதயத்தில் உள்ளபடியெல்லாம் செய்யும்" என்று சொல்லிவிடுகிறான். ஜெபித்துச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை! அன்று ராத்திரியே கர்த்தருடைய வார்த்தை வருகிறது: வேண்டாம், உன் மகன் கட்டுவான். நாத்தான் தாவீதிடம் திரும்பிப் போய், முந்தின நாள் தான் சொன்னதைத் தானே மாற்றிச் சொல்கிறான். இந்தப் பகுதியில் தாவீதின் கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசுவார்கள், நாத்தானுடையதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ராஜாவிடம் போய் "நேற்று நான் சொன்னது என் சொந்த அபிப்பிராயம்" என்று சொல்வது சின்ன விஷயமா? கீழ்ப்படிதல் என்றதும் கீழே இருக்கிறவன் மேலே இருக்கிறவனுக்குக் கொடுப்பது என்றே எடுத்துக்கொள்கிறோம். அனுமதி கொடுக்கிற இடத்தில், மறுக்கிற இடத்தில் இருப்பவர்களுக்கும் அது உண்டு. அவர்கள் சொன்னதை அவர்களே திருத்த வேண்டிய ராத்திரிகளும் வரும்.

தாவீதைப் பொறுத்தவரை, பிற்பாடு சாலொமோன் ஆலயப் பிரதிஷ்டையில் ஒரு செய்தி சொல்கிறான். கட்டவேண்டும் என்கிற விருப்பம் உன் மனதிலே இருந்தது "நல்ல காரியந்தான்" என்று கர்த்தர் தன் தகப்பனிடம் சொன்னாராம். கேட்காமல் ஆசைப்பட்டதற்குக் கண்டிப்பு இல்லை, பாராட்டு. தாவீது என்ன செய்தான் என்பது நாளாகமத்தில் இருக்கிறது. அந்தத் திட்டத்தை இன்னொருவன் பெயரில் விட்டுக்கொடுத்து, தான் சாகும்வரை பொன்னும் வெள்ளியும் கேதுருமரமும் கதவு ஆணிக்கு இரும்பும் சேர்த்துவைத்தான். அப்போஸ்தலர் 16-லும் இதே நடைதான். பவுல் ஆசியாவில் பிரசங்கிக்கப் பார்க்கிறார், தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார், ஆவியானவர் விடவில்லை. துரோவா வந்து சேர்ந்த பிறகுதான் மக்கெதோனியா தரிசனம். அவர் அந்தியோகியாவிலேயே உட்கார்ந்து தரிசனத்துக்குக் காத்திருக்கவில்லை. நடந்துகொண்டே இருந்தார், நிறுத்தியபோது நின்றார். ஆக, ஒருவன் முன்னால் கேட்டானா இல்லையா என்பதில் அவனுடைய கீழ்ப்படிதல் அவ்வளவாகத் தெரிவதில்லை என்று நினைக்கிறேன். "போதும், நில்" என்று சொல்லும்போதும், கணக்கைக் கொண்டுவா என்று கேட்கும்போதும்தான் தெரிகிறது. உப்பிப்போன அந்த நோட்டு அதனால்தான் என்னை அவ்வளவு அசைத்தது.

அசரியாவுக்குக் கிடைத்தது

இத்தோடு எழுதி முடித்திருக்கலாம், எல்லாம் அழகாகப் பொருந்தியிருக்கும். ஆனால் அதே பையனே இப்போது என் கணக்கைக் குழப்புகிறான். கீழத்தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஹாலில் டியூஷன் வைக்க வேண்டும், முடிவில் ஒரு சின்ன ஜெபம் என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தான். ஒத்திவைத்தார்கள். மறுபடி கொடுத்தான், மறுபடி ஒத்திவைத்தார்கள். மறுக்கவில்லை, கவனியுங்கள். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டுமே. போன மாதம் என் வீட்டுக்கு வந்து, ஒரு தகர ஷெட் வாடகைக்குப் பார்த்துவிட்டதாகவும் தனியாகவே ஒரு ஐக்கியம் ஆரம்பிக்கப் போவதாகவும் சொன்னான். "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது" என்று வசனமும் சொன்னான். அந்த வசனத்தைப் பேதுரு சொன்னது அடி வாங்குவதற்கு முன்னால், வாங்கத் தயாராக நின்றுகொண்டு. ஆலயத்தை விட்டு அவர்கள் போய்விடவும் இல்லை. அடிபட்ட பிறகும் தினந்தோறும் அங்கேதான் போனார்கள் என்று அதே அதிகாரத்தின் முடிவில் இருக்கிறது. இதைச் சொன்னேன். அவன் முகம் மாறவில்லை.

பிறகு நம் பக்கத்துக் கதையையே சொன்னேன். 1857-ல் நம் நாசரேத் ஊர்ப் பக்கத்தில் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை மிஷனெரிகளோடு பிணங்கிக்கொண்டு தனிச்சபை கண்டார். அவருக்கு இருந்த மனவருத்தத்தில் நியாயம் இருந்தது. வெள்ளைக்கார மிஷனெரிகள் நம் மக்களைப் பற்றி எழுதியதை இன்று படித்தாலும் கோபம் வரும். அடுத்த தலைமுறையில் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ்.அசரியாவுக்கும் அதே மிஷனெரிகளின் ஆதிக்கம்தான் வாய்த்தது. அவர் 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே ஒரு மிஷன் நடத்துவதைப் பார்த்தார். நாம் ஏன் செய்யவில்லை என்ற கேள்வியோடு திரும்பினார். யாரும் உத்தரவு போடவில்லை. 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது, நம் ஆட்கள், நம் பணம். 1905-ல் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம். பிறகு ஆட்களை அனுப்பினால் மட்டும் போதாது என்று, ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டுவிட்டு 1909-ல் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்குத் தானே போனார். 1910-ல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்காரர்கள் முகத்துக்கு நேராக, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். மேடையிலேயே பலருக்குப் பிடிக்கவில்லை. இத்தனையும் செய்தவர் சபையை விட்டு வெளியே போகவில்லை. 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பேராயரானார். சபைகளின் ஐக்கியத்துக்கு 1919-ல் தரங்கம்பாடியில் கூடிய நாள் முதல் கால் நூற்றாண்டு உழைத்தார். குழுக்களும் பேரவைகளும் ஒத்திவைத்துக்கொண்டே போயின. அவர் 1945 ஜனவரி 1-ஆம் தேதி காலமானார். அந்த ஐக்கியத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது 1947 செப்டம்பர் 27. தாவீது ஆலயத்தைப் பார்க்காமல் போனதைப் போலத்தான்.

எல்லாவற்றையும் அவன் பொறுமையாகக் கேட்டான். என் வீட்டுக்காரி கொடுத்த காப்பியைக் குடித்து முடித்தான். அப்புறம் சொன்னான்: "சார், அசரியாவுக்கு பிஷப் பட்டமே குடுத்தாங்க. எனக்கு ஹால் சாவிகூட குடுக்கலியே."

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. புதைத்து வைக்கிறவன் ஒருவன் என்றால், புதைக்க வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். கீழ்ப்படிகிறவனிடம் இவ்வளவு எதிர்பார்க்கிற நாம், அவனுக்குப் பதிலாவது சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று, காரணத்தோடு, பதிவுப் புத்தகத்தில். பவுல் பிலேமோனுக்கு எழுதும்போது "நான் சொன்னதிலும் அதிகமாய்ச் செய்வீர் என்று அறிந்து" என்கிறார். அப்படி நம்பி எழுதினால்தான் ஒருவன் அதிகமாய்ச் செய்வான். வாடகைக்கு அட்வான்ஸ் கொடுப்பதை அடுத்த கமிட்டிவரை தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறேன். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னான். டியூஷன் விஷயத்தைப் பொருள் பட்டியலில் முதலாவதாக வைத்து, ஒத்திவைக்காமல் ஆம் அல்லது இல்லை என்று முடிவெடுக்க வேண்டும் என்று எழுதி நான் கொடுத்துவிட்டேன். சாவியை யாரிடம் கொடுப்பது என்பது இரண்டாவது பொருள். பொருளாளர் அண்ணாச்சி கடிதத்தை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, இரண்டாவதுக்கு மட்டும் தன் எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறார்.